மூக்கோரக் கிழிசல்

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை விரலால் லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். இமையின் விளிம்பில், மூக்குப் பக்கமாகச் சிறு மேடு ஒன்று தெரியும். அதன் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. மேல் இமையிலும் ஏறக்குறைய அதற்கு நேராக இன்னொன்று உண்டு. அகலம் சுமார் 0.3 மில்லிமீட்டர். நாம் அழாத நேரத்திலும் கண்ணில் ஊறிக்கொண்டே இருக்கும் நீர், இந்த இரண்டு துளைகள் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதும், சொட்டு மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசப்பதும் இதனால்தான்.

தென்மாவட்ட நகரம் ஒன்றில் இமை, கண்ணீர்ப் பாதை அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் நான். என்னிடம் வருகிறவர்களில் ஒரு சாராருக்குக் கண்ணில் எந்தக் கோளாறும் இருக்காது. பார்வைப் பலகையில் கடைசி வரிவரை கடகடவென்று படிப்பார்கள். ஆனால் ஒரு பக்கக் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். கையிலோ முந்தானையிலோ எப்போதும் ஒரு துணி. விசாரித்தால், எப்போதோ பட்ட ஒரு காயம், எங்கோ அவசரமாகப் போட்ட தையல். அப்படியொரு நிலைமை வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பலமில்லாத ஓரம்

துளைக்கு உள்ளே ஒரு மெல்லிய குழாய் தொடங்குகிறது. முதல் இரண்டு மில்லிமீட்டர் செங்குத்தாக இறங்கி, பிறகு திரும்பி, இமை விளிம்பை ஒட்டி எட்டு முதல் பத்து மில்லிமீட்டர்வரை மூக்கை நோக்கி ஓடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு மேல் குழாயும் கீழ்க் குழாயும் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, மூக்கெலும்பை ஒட்டிய கண்ணீர்ப் பைக்குள் நுழைகின்றன. பைக்குக் கீழே எலும்புக்குள் ஒரு பாதை. அது மூக்கினுள்ளே போய்த் திறக்கிறது. நீர் தானாக வழிந்து இதில் இறங்குவதில்லை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் சுற்றியுள்ள தசை இந்தக் குழாய்களையும் பையையும் அழுத்தி விடுவித்து நீரை உள்ளே தள்ளுகிறது. ஆகவே குழாயில் ஓட்டை திறந்திருந்தால் மட்டும் போதாது. இமை கண்ணோடு ஒட்டி நிற்க வேண்டும், தசையும் வேலை செய்ய வேண்டும்.

இமைக்கு விறைப்பைத் தருவது உள்ளே இருக்கும் கெட்டியான தகடு. அந்தத் தகடு கண்ணீர்த் துளையோடு முடிந்துவிடுகிறது. துளைக்கும் மூக்குக்கும் நடுவே தோல், மெல்லிய தசை, குழாய் இவ்வளவுதான். எனவே இமையை யாராவது, எதுவாவது வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தால், அது விட்டுக்கொடுப்பது இந்த மூக்கோரத்தில்தான். கன்ன எலும்பில் விழுந்த குத்தில், கை படாத உள்மூலை கிழிந்து வருவதுண்டு. அடிபட்ட இடம் ஒன்று, அறுந்த இடம் வேறு.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் காயம் வருகிற வழிகள் பல. பைக்கில் இருந்து விழுவது, கைகலப்பு, தெருநாய்க் கடி. சைக்கிள் பிரேக் லீவரின் முனை, கடைகளில் பொருள் தொங்கவிடும் எஸ் வடிவக் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள் என்று குழந்தைகளின் கண் உயரத்தில் இருக்கும் எதுவும் இதைச் செய்யும். மாட்டுக் கொம்பும் செய்யும். கீழ் இமைக் குழாய்தான் அதிகம் அறுபடுகிறது.

இரண்டு பேர்

செல்போன் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர். இரவு பைக்கில் சறுக்கி விழுந்தவரை நண்பர்கள் அரை மணி நேரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடனே சுத்தம் செய்து, உள்மூலையில் பொடிப்பொடியாக நான்கைந்து தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் அவர் வந்தது பல மாதங்கள் கழித்து. கூட வந்த அம்மாவுக்கு அந்தத் தையலைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. “தழும்பு தெரியுதான்னு பாருங்க டாக்டரம்மா!” உண்மையிலேயே தெரியவில்லை. பையனின் குறை வேறு. குனிந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து பற்றவைக்கும்போது, போர்டின் மேலேயே சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுகிறது. “கஸ்டமர் எதுக்க உக்காந்திருப்பாங்க மேடம். ஏன் தம்பி அழுவுறன்னு கேக்காத ஆள் இல்ல.” தோலைத் தைத்திருந்தார்கள். தோலுக்கு அடியில் அறுந்து கிடந்த குழாயை யாரும் பார்க்கவில்லை.

இன்னொருவர் மாடு வைத்துப் பிழைக்கும் அம்மா. பால் கறந்துகொண்டிருந்தபோது மாடு ஈயை விரட்டத் தலையைத் திருப்பியது. கொம்பு நுனி கீழ் இமையில் மாட்டி இழுத்துவிட்டது. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் காயத்தைக் கழுவி, டி.டி. ஊசி போட்டு, ஈரத்துணி வைத்துக் கட்டி, ஒரு சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். ஒரு தையல்கூடப் போடவில்லை. மறுநாள் காலை அவரை அழைத்து வந்த மகன் கொதித்துப்போயிருந்தார். “ராத்திரியே தச்சிருந்தா முடிஞ்சிருக்கும். கட்டு மட்டும் போட்டு அனுப்பிட்டாங்க.” சீட்டை வாங்கிப் பார்த்தேன். துளைக்கு உள்பக்கம் கிழிசல், குழாய் அறுந்திருக்கலாம், பார்வை சரியாக உள்ளது என்று இரண்டே வரி. அந்த அம்மாவுக்கு அன்று கிடைத்த மிகப் பெரிய சிகிச்சை அந்தச் சீட்டுதான்.

முதலாமவருக்கு அரை மணி நேரத்தில் தையல். இரண்டாமவருக்கு ஏறத்தாழ ஒரு நாள் கழித்து. இன்று கண் உலர்ந்து நிற்பது இரண்டாமவருக்கு.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. அறுந்த கண்ணீர்க் குழாயைச் சேர்ப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம்வரை தாராளமாக அவகாசம் உண்டு. முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் திசு அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது. சில சமயம் வீக்கம் கொஞ்சம் வடிந்த பிறகு வெட்டு முனையைக் கண்டுபிடிப்பதே சுலபம். நாள் கணக்கில் தள்ளிப்போட்டால்தான் தொல்லை. முனைகள் சுருங்கிப் புதுச் சதைக்குள் புதைந்துபோகும்.

கிழிசல் சிறியதாகத் தெரிவதும் ஏமாற்றும். இமை மூடியிருக்கும்போது இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டு வெறும் கீறல்போல இருக்கும். இமையை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்தினால்தான் ஆழம் தெரியும். எங்கள் துறையில் விதி எளிது: துளைக்கும் மூக்குக்கும் இடையே கிழிந்திருந்தால், குழாய் அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அறுபடவில்லை என்று நிரூபித்த பிறகே தோலைத் தைக்கலாம். நிரூபிக்க மெல்லிய கம்பி ஒன்றைத் துளை வழியாக விட்டுப் பார்ப்போம். அந்தக் கம்பிக்குப் பௌமன் கம்பி என்று பெயர். பள்ளியில் சிறுநீரகப் பாடத்தில் பௌமன் கிண்ணம் படித்திருப்பீர்கள். அதே வில்லியம் பௌமன்தான். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் கண் மருத்துவராகவும் பேர் வாங்கியவர்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது கண்ணை. கண் விழியிலேயே காயம் இருந்தால் அதை மூடுவதுதான் முதல் வேலை. முக எலும்பு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன். இதெல்லாம் முடிந்த பிறகே குழாய்.

குமிழி தேடும் வேலை

அந்த அம்மாவைத் தியேட்டருக்குள் எடுத்துப் படுக்கவைத்து மரத்துப்போகும் ஊசி போட்டோம். பெரியவர்களுக்கு இது போதும். குழந்தைகளுக்கு முழு மயக்கம் வேண்டும். இமையில் இருக்கும் முனை கண்ணுக்குத் தெரியும். துளை வழியாகக் கம்பியை விட்டால் வெட்டிலேயே எட்டிப்பார்க்கும். சவால் மூக்குப் பக்கம் இருக்கும் முனை. இரத்தமும் வீக்கமும் கலந்த சிவப்புச் சதைக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வாயைத் தேட வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் உற்றுப் பார்த்தால் அது மட்டும் கொஞ்சம் வெளுத்து, ஓரம் மடிந்த வளையமாக, உள்ளே பளபளப்பாகத் தெரியும். பஞ்சுக் குச்சியை உருட்டி உருட்டி, சதையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விலக்கிப் பார்க்கிற வேலை. அவசரப்பட்டுக் கம்பியால் குத்தினால், இல்லாத ஒரு பாதையை நாமே உண்டாக்கிவிடுவோம்.

அன்று அது கண்ணில் படவே இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எனக்குக் கைகொடுப்பது பஞ்சர் கடை வித்தை. கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறதென்று பார்ப்பார் அல்லவா? காயத்தைச் சலைன் நீரால் நிரப்பினோம். அறுபடாத மேல் துளை வழியாக, மழுங்கிய ஊசியால் காற்றை மெதுவாகச் செலுத்தினேன். காற்று மூக்குக்குள் இறங்கிவிடாமல் கண்ணீர்ப் பையின் மேல் உதவி மருத்துவர் விரலால் அழுத்திக்கொண்டார். நான் தேடிய இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஆழத்தில் இருந்து பொடிக் குமிழிகள் வரிசையாக எழும்பின. பத்து நிமிடத்துக்கு மேல் ஒளிந்துகொண்டிருந்த வாய் அங்கே இருந்தது.

முனை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தமாதிரி. பிறகு சிலிக்கான் டியூப். வெட்டுப்பட்ட இரண்டு முனைகளுக்கும் நடுவே இது பாலமாக நின்று, குழாய் தன் சொந்தச் சுவரை வளர்த்துக்கொள்ளும்வரை வழியைத் திறந்து வைத்திருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. மேல், கீழ் இரண்டு துளைகள் வழியாகவும் நுழைத்து, மூக்குக்குள் இறக்கிக் கட்டுவது ஒன்று. ஒரு குழாய்க்கு மட்டும் போடும் குட்டி டியூப் இன்னொன்று. குட்டி டியூபைக் கொண்டுவந்தவர் பிரான்ஸின் புரூனோ ஃபாயே. மினி மோனோக்கா என்பார்கள். அதன் தடிமன் 0.64 மில்லிமீட்டர். அதன் தலை துளையின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். மூக்குக்குள் கைவைக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் மற்ற குழாயையும் தொட வேண்டாம்.

முன்பு முனையைக் கண்டுபிடிக்க, நெதர்லாந்து மருத்துவர் யான் வொர்ஸ்ட் 1962இல் எழுதிய முறையில் சுருண்ட கம்பி ஒன்றை மேல் துளை வழியாகச் சுழற்றி வெட்டில் வெளியே எடுப்பார்கள். கைதேர்ந்தவர்கள் இன்றும் செய்கிறார்கள். மேல் குழாயும் கீழ்க் குழாயும் ஒன்று சேராத அமைப்புள்ளவர்களிடம் இது வேலைக்கு ஆகாது. முரட்டுத்தனமாகச் சுழற்றினால் நல்ல குழாயும் புண்ணாகும்.

டியூப் உட்கார்ந்ததும் குழாயைச் சுற்றி, தலைமுடியைவிட மெலிந்த, தானாகக் கரையும் நூலால் தையல். கடைசியாக எனக்கு முக்கியமானது ஆழத் தையல். அறுந்த இமையை மூக்கின் பின்பக்கத் தசைநார் வரைக்கும் இழுத்துப் பொருத்தினால்தான் இமை கண்ணின் வளைவோடு ஒட்டும். முன்பக்கம் மட்டும் பிடித்துத் தைத்தால் உள்மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். குழாய் திறந்திருந்தும் துளை நீரைத் தொடாது.

எது குணத்தைத் தீர்மானிக்கிறது?

“தேறிடுமா டாக்டரம்மா?” என்று கேட்டால் நான் ஐந்து விஷயங்களைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

முதலாவது, எங்கே அறுந்தது. துளைக்குப் பக்கத்தில் அறுந்தால் இரண்டு முனையும் கைக்கு எட்டும். பையை ஒட்டி ஆழத்தில் அறுந்தால் தேடுவதும் தைப்பதும் கஷ்டம். மேலும் கீழும் சேர்ந்து அறுந்திருந்தால் இன்னும் கஷ்டம்.

இரண்டாவது, எப்படி அறுந்தது. கண்ணாடிச் சில்லோ பிளேடோ வெட்டினால் ஓரம் நேராக இருக்கும், பொருத்துவது சுலபம். குத்திலும் கொக்கியிலும் பிய்ந்து வந்தால் ஆழத்தில் கந்தலாக இருக்கும், தழும்பும் அதிகம் விழும். கூடவே மூக்கெலும்பு நொறுங்கியிருந்தால் கீழே எலும்புப் பாதையும் அடைபடலாம்.

மூன்றாவது, எங்கே, யார் தைக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள வில்ஸ் கண் மருத்துவமனையில் இருந்து 2014இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. சின்னச் சிகிச்சைகள் செய்யும் அறையில் தைத்ததைவிட, ஆபரேஷன் தியேட்டரில் செய்தவை வெகுவாக நன்றாகத் தேறின. நல்ல வெளிச்சம், மைக்ரோஸ்கோப், அசையாத நோயாளி, இந்த வேலையில் பழகிய கை. நள்ளிரவுக் கேஷுவால்டியில் இவை நான்கும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

நான்காவது, டியூப் எத்தனை நாள் நிற்கிறது. பெரும்பாலும் மூன்று மாதம் வைக்கிறோம். காயத்தைப் பார்த்து இது கூடும், குறையும். இரண்டாவது வாரத்திலேயே குழந்தை அதைப் பிடுங்கிவிட்டால் குழாய் மறுபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஐந்தாவது, முன்பே சொன்ன இமையின் இருப்பு. சிரிஞ்சில் நீர் விட்டு, “தொண்டைக்குத் தண்ணி வந்துச்சா?” என்று கேட்போம். “வந்துச்சு, உப்புக் கரிக்குது” என்பார்கள். அதே ஆள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். குழாய் திறந்திருக்கிறது, இமை விலகி நிற்கிறது என்று அர்த்தம்.

ஒரு குழாய் போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வீட்டுக்குள் சும்மா இருக்கும்போது பலருக்கு ஒன்றே போதும்தான். வெங்காயம் நறுக்கும்போதும் பைக்கில் எதிர்க்காற்றில் போகும்போதும் பற்றாது. காயம் புதிதாக இருக்கும்போது சேர்ப்பது எளிது என்பதால், ஒன்று அறுந்தாலும் சேர்த்துவிடுவதே என் வழக்கம்.

வீட்டுக்குப் போன பிறகு

தோல் தையலை வாரத்துக்குள் எடுத்துவிடுவோம். சொட்டு மருந்து சில வாரம். கண்ணைக் கசக்கவே கூடாது. துடைக்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு, காதுப் பக்கத்தில் இருந்து மூக்கை நோக்கித் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் இமை இழுபட்டு டியூப் நகரும். இரண்டு துளைகளுக்கும் போட்ட டியூப் சில சமயம் உள்மூலையில் வளையமாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம். வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். பிளாஸ்திரியால் மூக்கோரம் ஒட்டிவிட்டு வந்துவிடுங்கள். துளையின் வாயில் சிவப்பாகச் சதை வளர்ந்தாலும், துளை கோடுபோலக் கிழிந்து நீண்டாலும் தேதி வரைக்கும் காத்திருக்காமல் காட்டுங்கள்.

குட்டி டியூபை எடுப்பது ஓ.பி.யிலேயே முடிகிற காரியம். மரத்துப்போகும் சொட்டு விட்டு, இடுக்கியால் ஒரு இழுப்பு. பால்கார அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்காடா மூணு மாசமா என்னையக் கண்ணக் கசக்காதன்னு கத்துன?” என்று மகனைக் கேட்டார்.

நாய் கடித்திருந்தால்

குழந்தைகளின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கும் என்பதால் இந்தக் காயத்தில் நாய்க்கடிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே மட்டும் வரிசை மாறும். முதலில் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சோப்பு கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, கண்ணை வெறும் நீரில் அலசலாம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். முகத்தில் தோல் கிழியும் கடி மிக ஆபத்தான மூன்றாம் வகையில் சேரும். தடுப்பூசியோடு, ரேபிஸ் எதிர்ப்பு இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். அதற்குப் பிறகே தையல். அரசு ஆஸ்பத்திரிகளில் தோலில் போடும் தடுப்பூசி முதல் நாளிலும் அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் வரும். கண் தேறிவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள். கண்ணீர் வழிந்தால் உயிர் போகாது, ரேபிஸ் வந்தால் போய்விடும்.

தவறிப்போனால்

சரியாகச் செய்தாலும் எல்லோருக்கும் தேறுவதில்லை. தவறிப்போனவர்களுக்கும் வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. பைக்குக் கீழே அடைப்பு என்றால், எலும்பில் ஒரு திறப்பு செய்து பையை நேராக மூக்கோடு இணைக்கலாம். இத்தாலியின் அடேயோ டோட்டி 1904இல் சொன்ன சிகிச்சைதான், இன்று எண்டோஸ்கோப்பியிலும் செய்கிறோம். குழாய்கள் இரண்டுமே தழும்பாகிவிட்டால் கண்ணின் உள்மூலையில் இருந்து மூக்குக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயையே பொருத்துவோம். அமெரிக்காவின் லெஸ்டர் ஜோன்ஸ் பெயரில் வழங்கும் அந்தக் குழாய் பைரெக்ஸ் கண்ணாடியில் ஆனது. ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டும்.

செல்போன் இளைஞருக்குத் தழும்பைத் திறந்து முனைகளைத் தேடினோம். மூக்குப் பக்க முனை கிடைத்தது, டியூபும் வைத்தோம். இப்போது கடையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது நீர் விழுவதில்லை. பைக்கில் போனால் வழிகிறது. முதல் இரவில் முழுதாகக் கிடைத்திருக்கக்கூடியது இரண்டாம் முறையில் முக்கால்வாசிதான் கிடைத்தது.

ஆகவே வீட்டில் யாருக்காவது கண்ணின் மூக்கோரம் கிழிந்தால், அழுத்தாமல் சுத்தமான ஈரத்துணி வைத்துக் கூட்டிப்போங்கள். தையல் ஊசியை எடுக்கும் முன் டியூட்டி டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “கண்ணீர்க் குழாய் அறுந்திருக்கா, பாத்தீங்களா சார்?” பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்றால் அங்கேயே தைத்துக்கொள்ளலாம். தெரியவில்லை, கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் கோபப்படாதீர்கள். உங்களை அவர் தட்டிக்கழிக்கவில்லை. விடிந்ததும் கிளம்பினாலும் நேரம் இருக்கிறது.